குற்றமும் வினையும்

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு 1860-இல் ஆங்கில ஆட்சியார் வகுத்தது. வயதுவந்தோர் இருவர் மனமொத்துத் தனிமையிற் கூடும் ஒருபாற் கூட்டம் குற்றமன்றென உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-இல் தீர்ப்பளித்தது. அறம் அழிந்ததென வருந்தும் அன்பர் பலர். இல்லறப்பயன் மக்கட்பேறென்பது அவர் கூற்று. அஃதொன்றே அளவாயின், திருமடங்களில் வாழும் துறவியர் நிலை என்னாம்!

ஆண் பெண் என்னும் பாகுபாடு மாயேயமாகிய உடம்பிற்கன்றி உயிர்க்கில்லை என்பது நம் சித்தாந்தம். ஒருவனது நாட்டம் பிராரத்தத்தான் வந்ததெனின், வினைப்பயனை ஊட்டுவோன் இறைவனே; அவன் தொழிலைக் காவலர் கைக்கோலுக்கு அளித்தல் எங்ஙனம் பொருந்தும்?

ஒருபாற் கூட்டத்தை அறமென யாம் ஈண்டு நாட்டப் புகுந்திலேம். தீக்கை வேண்டி வரும் அத்தகையான் ஒருவனை ஆசிரியர் வாயிலில் நிறுத்தலாமோ என்பதே எம் வினா. சத்திநிபாதம் மலபரிபாகம் நோக்கி நிகழ்வதென்பர். உடலின் நாட்டம் நோக்கி நிகழ்வதென யாண்டும் கண்டிலேம்.