தாயுள்ள பிள்ளைகள்

ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை நாங்கள் குடும்பமாக ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போகிறோம். நான்கு வருடமாக இது எங்கள் வழக்கம். என் கணவர் பெரிய பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். மகள் விளையாடப் போய்விடுவாள். நான் சமையல்கட்டில் காய் நறுக்குவேன், பந்தியில் பரிமாறுவேன். மாமியார் சின்னப் பெண்களுக்குப் பேன் பார்த்து, எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை பின்னிவிடுவார்.

சென்ற ஆண்டு ஒருநாள், ஒன்பது வயதுப் பெண் ஒருத்திக்குச் சிக்கெடுத்துக்கொண்டே மாமியார் சொன்னார்: "பாவம், தாயில்லாப் பிள்ளை. யாரு எண்ணெய் வெச்சு விடுவா?"

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "எங்கம்மா இருக்காங்க பாட்டி. திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் வேலை. போன ஞாயித்துக்கிழமை கூட வந்தாங்க."

மாமியாரின் கை அப்படியே நின்றுவிட்டது.

பிறகு இல்லத்துப் பொறுப்பாளரிடம் கேட்டேன். அங்கிருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாய் உயிரோடு இருக்கிறாள். கணவனை இழந்தவள், கணவனால் கைவிடப்பட்டவள், குடித்துவிட்டு அடிப்பவனிடமிருந்து பிள்ளையையாவது தப்பவைத்தவள். நான்கு வருடம் போய் வந்தும் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றியதில்லை.

எங்கள் இல்லத்தில் மட்டும் இப்படி என்றில்லை. பெற்றோரில் ஒருவரை இழந்த குழந்தையையும் யுனிசெஃப் 'அநாதை' என்றே கணக்கில் சேர்க்கிறது. 2015ஆம் ஆண்டுக்கான அதன் மதிப்பீட்டில் அத்தகைய குழந்தைகள் உலகில் ஏறத்தாழ 14 கோடி. இருவரையும் இழந்தவர்கள் சுமார் 1.5 கோடிதான்.

'அநாதை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நாதன் இல்லாதவர் என்று பொருள். நாதன் என்றால் தலைவன், காப்பவன். கணவனுக்கும் அதே சொல்தான். தகப்பன் போனதும் பிள்ளை அநாதையாகிவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் தாயை அந்தச் சொல் எண்ணிக்கையிலேயே சேர்ப்பதில்லை. அவள் பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்தாலும், தன் கூலியில் ஒரு வாடகை அறையும் பிள்ளையின் சோறும் அடங்காது என்பதால்தான் பிரிந்திருக்கிறாள்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது. தாய் விதவையாகவோ மணமுறிவு பெற்றவராகவோ குடும்பத்தால் கைவிடப்பட்டவராகவோ இருந்தால், பிள்ளையை உடன் வைத்து வளர்க்க நிதி ஆதரவு கொடுக்கவும் அதில் இடமிருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம்.

சட்டத்தைச் சொல்வது எளிது. என் வீட்டுக் கணக்கைச் சொல்வதுதான் கடினம்.

எங்கள் வீட்டில் ஏழு வருடமாக வேலை செய்யும் பெண், அந்த ஆண்டின் தொடக்கத்தில் சம்பளத்தில் 500 ரூபாய் கூட்டிக் கேட்டார். பேரம் பேசி 200 கூட்டினேன். அதே மாதம் மகளின் பிறந்தநாளுக்கு இல்லத்தில் வடை பாயசத்தோடு சாப்பாடு போட 6,000 ரூபாய் செலவழித்தோம். பிள்ளைகள் கைகூப்பி எங்களுக்காகப் பிரார்த்தித்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. அந்தப் பெண்ணின் மகளும் இப்படி ஓர் இல்லத்தில்தான் வளர்கிறாள். 'ஹாஸ்டலில் படிக்கிறாள்' என்று அவர் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டு, மேற்கொண்டு எதுவும் விசாரிக்காமல் இருந்திருக்கிறேன்.

தானம் கொடுத்தால் வாழ்த்துக் கிடைக்கிறது. கூலி கொடுத்தால் கணக்குத் தீர்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் கொடுக்க வேண்டியதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொடுக்க விரும்புவதைத் தாராளமாகக் கொடுக்கிறோமோ? தாய்க்குச் சேர வேண்டியதைக் குறைத்துவிட்டு அவள் பிள்ளைக்குப் பாயசம் ஊற்றுவது அறமாகுமா?

அப்படியானால் இல்லத்துக்குப் போவதை நிறுத்திவிடலாமா? கூடாது. உண்மையிலேயே யாருமில்லாத பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். வீட்டைவிட இல்லமே பாதுகாப்பு என்ற நிலையில் உள்ளவர்களும் இருக்கிறார்கள். நான்கு வருடம் பழகிய பிள்ளைகளை விட்டு, நம் மனச்சாட்சி உறுத்துகிறது என்று நின்றுவிடுவதும் ஒரு கைவிடல்தான். போக வேண்டும். ஆனால் அந்தச் சனிக்கிழமையை வைத்து மற்ற நாட்களின் கணக்கைத் தீர்த்துக்கொள்ள முடியாது.

சம்பளத்தைக் கேட்டபடி உயர்த்தி, விடுபட்ட மாதங்களுக்கும் சேர்த்துக் கொடுத்தேன். "என்னக்கா திடீர்னு?" என்றார். "நீங்க கேட்டதுதானே" என்பதற்கு மேல் சொல்ல எனக்கு வாயெழவில்லை. நிதி ஆதரவுக்கான விண்ணப்பம் பற்றிச் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். மகளை எங்கே வைத்து வளர்ப்பது என்ற முடிவு அவருடையது.

மாமியார் இப்போதும் சடை பின்னுகிறார். புதிதாக வரும் பெண்ணிடம் அவர் முதலில் கேட்பது, "உங்கம்மா எப்ப வருவாங்க, கண்ணு?" என்றுதான். யாருமில்லை என்று பிள்ளை சொன்னால், மேலே எதுவும் கேட்காமல் பின்னலைத் தொடர்வார்.