சூரியன் வராத பொங்கல்

"ஊழியத்துக்குப் போன இடத்தில் பொங்கல் எதற்கு? சூரியனுக்குப் படைப்பதை விட்டுவிட்டு வந்தவர்கள்தானே நம் பாட்டன்மார்?" எங்கள் பழைய சபையிலிருந்து ஒரு அண்ணன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். பானை பொங்கும் படத்தை நான் அனுப்பிய கையோடு வந்த கேள்வி அது.

அவர் பக்கம் பெரிய சாட்சிகள் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் ரோமாபுரியின் போப் முதலாம் லியோ தன் கிறிஸ்துமஸ் பிரசங்கம் ஒன்றில் சில கிறிஸ்தவர்களைக் கடிந்துகொண்டிருக்கிறார். பேதுருவின் ஆலயத்துப் படிகளில் ஏறி, உதிக்கும் சூரியன் பக்கம் திரும்பித் தலைவணங்கிவிட்டு உள்ளே வந்தவர்கள் அவர்கள். லியோ சொன்னது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். படைத்தவரைப் பார்க்கப் போகிற வழியில் படைப்புக்கு ஒரு கும்பிடு போட வேண்டியதில்லை. ஆனால் நாங்கள் இப்போது ஊழியம் செய்யும் ஜெர்மனியின் சாக்சனியில் தை முதல் நாள் காலையில் அந்தச் சோதனைக்கே இடமில்லை. எட்டு மணிக்கு மேல்தான் விடியும், விடிந்தாலும் மேகம். எங்கள் பானை எவர்சில்வர், ஏனென்றால் ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைப் பானையை இண்டக்‌ஷன் அடுப்பு ஏற்பதில்லை. வெல்லம் லைப்சிக் இந்தியக் கடையில் வாங்கியது. பச்சை மஞ்சளும் கரும்புத் துண்டும் வியட்நாமியர் கடை உபயம். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்து தங்கிவிட்டவர்கள் அவர்கள். பானையைச் சுற்றி நின்று ஒரு சங்கீதம் வாசித்து ஜெபித்தோம். பிள்ளைகள் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார்கள். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். சண்டைக்கு அல்ல, என்ன விசேஷம் என்று கேட்க.

அண்ணனுக்கு நான் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டேன். வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சேவலும் வாழைத்தாரும் எடுக்கிறீர்களே, அந்தப் பண்டிகை எந்த ஊர்ச் சரக்கு? அதன் இன்றைய வடிவத்தைத் தொடங்கிவைத்தவர் ராபர்ட் ஹாக்கர் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர். இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் மார்வென்ஸ்டோ என்ற ஊர், ஆண்டு 1843. அங்கே கோதுமை அறுப்பு முடிந்ததற்காகச் செய்த ஆராதனையை ஆங்கிலேய மிஷனெரிகள் தங்களோடு எடுத்துப் போனார்கள். நம் ஊரில் அது கத்தரிக்காயும் தேங்காயும் சேவலும் ஏலமுமாக மாறி, நம்முடையதாகவே ஆகிவிட்டது. வெள்ளைக்காரர் தன் ஊர்ப் பண்டிகையைக் கொண்டுவந்தால் அது சபை வழக்கம், நாம் கொண்டுபோனால் அஞ்ஞானமா? கொஞ்சம் சூடாகவே எழுதிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.

இந்தச் சாக்சனியிலேயே வேறொரு கதை இருக்கிறது. ஆட்வென்ட் தொடங்கியதும் இங்கே வீட்டுக்கு வீடு கூர்முனைகள் கொண்ட ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் தொங்கும். அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீஸ்கி என்ற ஊரிலிருந்த மொரேவியன் சகோதரர்களின் விடுதிப் பள்ளியில் உருவானது. அங்கே தங்கிப் படித்தவர்களில் மிஷனெரிகளின் பிள்ளைகளும் இருந்தார்கள். அப்பா அம்மா கடல் கடந்த நாட்டில், பிள்ளைகள் விடுதியில். அவர்கள் கையில் காகிதமும் அட்டையும் வெளிச்சமாகின. பிறகு அந்த நட்சத்திரம் அவர்களோடே உலகம் சுற்றியது. தரங்கம்பாடியில் எங்கள் வீட்டு வாசலில் கட்டிய காகித நட்சத்திரத்தை நினைத்துக்கொண்டுதான் இங்கே முதல் நட்சத்திரத்தைப் பார்த்தேன். வீட்டு நினைப்பு ஆவிக்குரிய பலவீனம் என்று ஊழியப் பயிற்சிகளில் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த நினைப்பை ஒளித்துவைத்தால்தான் அது புளிக்கிறது.

எங்கள் தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த மிஷனெரி சீகன்பால்க் பிறந்த புல்ஸ்னிட்ஸ் இதே சாக்சனியில்தான் இருக்கிறது. தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி 1713-ல் அவர் எழுதி அனுப்பிய நூலை ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் இருந்த மிஷன் பொறுப்பாளர்கள் அச்சிட மறுத்துவிட்டார்கள். சென்னையில் 1867-ல்தான் அது வெளிவந்தது. அந்த மண்ணின் மனிதர்களை அறியாமல் அவர்களோடு பேச முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இப்போது வழி திரும்பியிருக்கிறது: என் வீட்டுக்காரர் இங்கே போதகர். நாங்கள் யார் என்று சபையாரும் அறிய வேண்டுமே. வேதாகமம் நாங்களும் அவர்களும் பொதுவாக வாசிப்பது. ஆனால் நாங்கள் எந்த வயலில் விளைந்ததைத் தின்று வளர்ந்தோம் என்பதை நாங்கள் சொன்னால்தான் உண்டு.

அதைச் சொல்லும்போது இனிப்பான பாதியோடு நிறுத்துவது எனக்குப் பிடிப்பதில்லை. எங்கள் ஆயா கதிர் அறுக்கப் போனவர். நிலம் மிராசுதாருடையது, கூலி நெல்லாக வரும். சம்பா அறுத்து, களத்தில் அடித்து, தூற்றி, கடைசியில் மரக்காலில் அளந்து மடியில் வாங்குவதுதான் அவருக்குத் தை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டம் முற்றி, எங்கள் கீழத்தஞ்சையிலேயே கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். 1968 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் இரவு. இதைச் சபை மண்டபத்தில் சொன்னபோது, "அப்படியானால் உங்கள் பாட்டி யாருக்கு நன்றி சொன்னார்?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். கிழக்கு ஜெர்மனி ஆட்சியில் ஆலயத்துக்குப் போனதற்காகவே சிறுவயதில் கேலிக்கு ஆளானவர். மேலோட்டமான பதில் அவரிடம் செல்லாது.

உபாகமம் 26-ஆம் அதிகாரத்தைத்தான் காட்டினேன். முதற்பலனைக் கூடையில் எடுத்துவரும் இஸ்ரவேலன் அங்கே வெறுமனே நன்றி சொல்வதில்லை. தன் தகப்பன் ஊர் ஊராய் அலைந்தவன், எகிப்தில் அடிமைப்பட்டு ஒடுக்கப்பட்டோம் என்ற கதையையும் கர்த்தரின் முன்னால் சொல்லியாக வேண்டும். அறுப்போடு சேர்த்து அடிமைத்தனத்தையும் சொல்லச் சொல்லுகிற கட்டளை அது. ஆயாவின் நன்றி மிராசுதாருக்கு அல்ல, சூரியனுக்கும் அல்ல, கூப்பிட்டால் கேட்கிறவருக்கு. ஆயா அதை இப்படி வசனம் காட்டிச் சொல்லியிருக்க மாட்டார். படி அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்து ஆலயத்துக்கு வைப்பார், அவ்வளவுதான்.

அதே அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் லேவியனுக்கும் நடுவே தங்கியிருக்கும் பரதேசிக்கும் பங்கு உண்டு. இங்கே அக்டோபரில் எர்ன்டேடாங்க் என்ற அறுவடை நன்றி ஆராதனை வரும்போது நாங்கள்தான் அந்தப் பரதேசிகள். பூசணியும் ஆப்பிளும் கோதுமைக் கதிர்களும் ரொட்டியும் அடுக்கிய பீடத்தில் எங்கள் பங்குக்கு ஒரு பை அரிசி வைப்போம். தை வந்தால் அவர்கள் எங்கள் பானைக்கு விருந்தாளிகள். ஊழியக்காரருக்கு இந்த இடமாற்றம் வேண்டும். எப்போதும் கொடுக்கிற கையாகவே இருந்தால் மேட்டிமை வந்துவிடும். நாங்களும் யாரோ அறுத்த நெல்லை உண்டு பிழைத்தவர்கள் என்று வருஷத்துக்கு ஒரு நாளாவது ஊரறியச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாட்களைப் பற்றி ரோமர் 14-இல் பவுல் தாராளமாகவே பேசுகிறார். மாமியார்தான் அவ்வளவு தாராளம் இல்லை. வேலை நாளில் யாரும் வரமாட்டார்கள் என்று சபைப் பொங்கலைச் சனிக்கிழமைக்கு மாற்றியதைப் போனில் கேட்டுவிட்டு, "தை பிறந்த பிறகு என்ன பொங்கல்?" என்று சலித்துக்கொண்டார். வீட்டுப் பானை அன்றைக்கே வைத்தாயிற்று என்ற பிறகுதான் சமாதானம். வருகிற அக்டோபர் ஆராதனையில் பிரசங்கத்துக்குப் பதிலாக ஆயாவின் கதையை நான் சொல்ல வேண்டும் என்று சபை நிர்வாகக் குழு கேட்டிருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு அதில் லேசான மனத்தாங்கல்தான். ஜெர்மன் இலக்கணம் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.