மாயக் கணக்கு

தாம்பரத்திலிருந்து பீச் போகிற மின்சார ரயிலில் ஜன்னலோர சீட் கிடைப்பது பூர்வ ஜென்ம புண்ணியம். 2021-ல் ஊர் மாநகராட்சியே ஆகிவிட்டது. ஜன்னல் மட்டும் இன்னும் பற்றாக்குறைதான். போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் புண்ணியம் எனக்கு வாய்த்தது. எதிர் சீட்டில் மகள். பத்தாம் வகுப்பு. கையில் செங்கல் கனத்தில் ஓர் ஆங்கில நாவல். அட்டையில் கறுப்பு அங்கி போட்ட இளைஞன் ஒருவன், உள்ளங்கையில் நீல நெருப்பை வைத்துக்கொண்டு என்னை முறைத்தான்.

“யாரும்மா இந்தப் பையன்?”

“பையன் இல்லப்பா. பெரிய பிரபு. அவங்க பரம்பரைக்கே மந்திரம் தெரியும், அதுல இவன்தான் டாப். நெனச்சா மறைஞ்சிடுவான். இல்லாத ஆளை இருக்கற மாதிரி காட்டுவான். ஆனா ஒரு கொடுமைக்கார ராஜாவுக்கு வேலை பாக்கறான்.”

குரோம்பேட்டை வருவதற்குள் கால்வாசிக் கதையைச் சொல்லிவிட்டாள். பல்லாவரத்தில் ரயில் நின்றபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள். “இவன் நல்லவனா, கெட்டவனாப்பா?”

“படிக்கறது நீ. என்னைக் கேட்டா?”

“எனக்கு அவனைப் புடிச்சிருக்கு. அதான் ப்ராப்ளமே.”

திரிசூலம் மலையைப் பார்த்தபடி யோசித்தேன். இந்த ஆளை எனக்கு முன்பே தெரியும். உங்களுக்கும் தெரியும். அங்கியைக் கழற்றிவிட்டுக் கிரீடம் வைத்துப் பாருங்கள். மேகநாதன். ராவணன் மகன். இந்திரஜித்.

பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். யாராக இருந்தாலும் முதலில் பயோடேட்டா பார்ப்பான். வால்மீகியின் உத்தர காண்டம் இந்திரஜித்தின் பயோடேட்டாவை விரிவாகவே தருகிறது. பிறந்தவுடன் இடி மாதிரி அழுததால் மேகநாதன். அப்பா இலங்கை வேந்தன். அம்மா மண்டோதரி. அம்மாவைப் பெற்ற தாத்தா யார் தெரியுமோ? மயன். அசுரர்களின் தச்சன், மாயத்தில் மன்னன். ஆக, வித்தை ரத்தத்திலேயே இருக்கிறது. போதாததற்கு நிகும்பிலை என்னும் இடத்தில் ஏழு வேள்விகள் செய்து, சிவபெருமானிடமிருந்து தாமசி என்ற மாயையை வாங்கினான். எதிரியின் கண்ணை இருட்டாக்கிவிட்டுத் தான் மறைந்து நிற்கும் வித்தை அது.

அனுபவம்? தேவர்களோடு நடந்த போரில் அப்பாவே மாட்டிக்கொண்டபோது, மறைந்து நின்று இந்திரனை அடித்து, கட்டி, இலங்கைக்கு இழுத்து வந்தவன். பிரம்மா நேரில் வந்து சமாதானம் பேச வேண்டியதாயிற்று. சாகாவரம் கேட்டான். கிடையாது என்றார். சரி, அப்படியென்றால் இப்படி: போருக்கு முன் வேள்வியை முழுசாக முடித்துவிட்டால் அவனை யாரும் ஜெயிக்க முடியாது. முடிக்காமல் போனால் மரணம். ஒப்பந்தம் கையெழுத்தாகி, இந்திரன் விடுதலையானான்.

ராம - ராவண யுத்தத்திலும் அவன்தான் நட்சத்திர ஆட்டக்காரன். நாகபாசம் விட்டான், கருடன் வந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. பிரம்மாஸ்திரம் விட்டான், அனுமன் ஒரு மலையையே பெயர்த்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. மேகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அடிப்பது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்க மாட்டேன். கேட்டால் யாராவது வாலி கேஸை எடுப்பார்கள்.

ஆனால், அவன் செய்த ஒரு காரியத்தை அப்படி விட முடியாது. சீதையைப் போலவே ஒரு மாய உருவத்தை உண்டாக்கி, அனுமன் கண்ணெதிரே, கதறக் கதற வெட்டினான். வேள்வியை நிம்மதியாக முடிக்க அவனுக்கு நேரம் தேவைப்பட்டது. எதிரி அழுதுகொண்டிருந்தால் நேரம் கிடைக்குமல்லவா? அனுமன் அழுதான். செய்தி கேட்டு ராமன் சாய்ந்தான். கடைசியில் விபீஷணன் வண்டாக உருமாறி அசோகவனத்துக்குப் பறந்துபோய், சீதை உயிரோடு இருப்பதைப் பார்த்துவந்து சொன்னான் என்கிறார் கம்பர்.

டெக்னிக்கலாகப் பார்த்தால் யாரும் சாகவில்லை. இந்த ‘டெக்னிக்கலாக’வை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

எங்கள் சேலையூர்த் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். வாக்கிங் போகும்போது கம்பனும் கூடவே நடப்பார். ஒருநாள் இந்திரஜித் பேச்சு வந்தது.

“தம்பி, வால்மீகில இல்லாத ஒண்ணைக் கம்பன் செஞ்சான். லட்சுமணன் வேள்வியைக் கலைச்சப்புறம் இந்திரஜித் நேரா அப்பாகிட்ட போறான். சீதை மேல இருக்கற ஆசையை விட்டுடுப்பா, அவங்க கோபம் தணிஞ்சிடும், உன் மேல இருக்கற பாசத்துல சொல்றேன்னு கெஞ்சறான். ராவணன் கேக்கலை. மறுபேச்சு இல்லாம திரும்பிப் போய்ச் செத்தான். எத்தனை தடவை படிச்சாலும் அந்த இடத்துல எனக்குத் தொண்டை அடைக்கும்.”

எனக்கும் அடைத்தது. வேள்வி கலைந்தால் மரணம் என்று அவனுக்குத் தெரியும். அப்பா செய்வது தப்பு என்றும் தெரியும். சொல்லியும் பார்த்துவிட்டான். அதற்குமேல் ஒரு மகன் என்னதான் செய்வான்?

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. எப்போது சொன்னான்?

சீதையைத் தூக்கிவந்தபோது சொல்லவில்லை. சபையில் சித்தப்பா விபீஷணன் எழுந்து நியாயம் பேசியபோது கிண்டல் செய்தவன் அவன். நாகபாசம் வேலை செய்தவரை சொல்லவில்லை. பிரம்மாஸ்திரம் வேலை செய்தவரை சொல்லவில்லை. மாய சீதையை வெட்டிய கையோடு வேள்விக்குப் போனபோதும் சொல்லவில்லை. வேள்வி கலைந்து, வித்தை கைவிட்ட பிறகுதான் வாய் திறந்தான். கும்பகர்ணனைப் பாருங்கள். அவனும் அண்ணனை விட்டுப் போகாதவன்தான். ஆனால், போர்க்களத்துக்குப் போவதற்கு முன்பே, தன் பலம் முழுசாக இருக்கும்போதே, சீதையை விட்டுவிடு என்று சொன்னான். விபீஷணன் சொல்லிவிட்டு வெளியேறினான். இவன் ஒருவன்தான் தோற்ற பிறகு சொன்னவன்.

இதை இவ்வளவு கறாராக நான் கணக்குப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது.

இருபத்து சொச்சம் வருடங்களுக்கு முன்னால், டிகிரி முடித்த கையோடு பல்லாவரம் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதப் போனேன். பெயர் வேண்டாம். இரண்டு கணக்கு உண்டு. ஒன்று விற்பனை வரிக்காரர்கள் பார்க்க. இன்னொன்று முதலாளி பார்க்க. நம்பர் டூ. இரண்டையும் எழுதியவன் நான்.

பயந்துகொண்டே எழுதினேன் என்று சொன்னால் உங்களுக்கு என்மேல் பரிதாபம் வரும். உண்மை என்னவென்றால், ரசித்து எழுதினேன். நடக்காத கொள்முதலுக்கு பில் தயாரிப்பேன். இல்லாத சரக்கு வந்து இறங்கும், இல்லாத லாரியில் ஏறிப் போகும். மாதக் கடைசியில் பைசா பிசகாமல் டேலி ஆகும். “மந்திரவாதிடா நீ” என்று முதலாளி தோளில் தட்டுவார். இருபத்து இரண்டு வயதில் அந்தத் தட்டு என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. யாருக்காக என்றோ, யாருடைய பணம் என்றோ தோன்றவே இல்லை. வித்தை பலிக்கிறது, அது போதும்.

ஒருநாள் செக்கிங் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. அன்றைக்குத்தான் எனக்கு தர்ம நியாயம் ஞாபகம் வந்தது. முதலாளி அறைக்குப் போய், “சார், இது தப்பு சார், நிறுத்திடலாம்” என்றேன். “நீ போய் வேலையைப் பாரு” என்றார். போய்ப் பார்த்தேன். சொல்லியாகிவிட்டது, இனி பாவம் அவருக்கு என்று மனசு லேசாகிவிட்டது. சாயங்காலம் வழக்கத்தைவிட ஒரு டீ அதிகமாகவே குடித்தேன்.

செக்கிங் வந்தது. பிடிபட்டது. வவுச்சர்களில் கையெழுத்துப் போட்டிருந்தவர் வயசான கேஷியர். நான் நீட்டிய இடத்திலெல்லாம், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, படிக்காமல் கையெழுத்துப் போடுவார். எல்லாம் அவர் செய்த தில்லுமுல்லு என்று முடிவாகி, மறுநாளே அவரை அனுப்பிவிட்டார்கள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார். நான் தலை நிமிரவில்லை. அந்த தீபாவளிக்கு போனஸும் வாங்கினேன். மூன்று மாதம் கழித்துத்தான் வேலையை விட்டேன்.

டெக்னிக்கலாக யாரும் சாகவில்லை. ஆனால், மாய சீதையை வெட்டினால் ரத்தம் வராது என்று யார் சொன்னது? நிஜமான யாரோ ஒருவர்மீது அது தெறிக்கத்தான் செய்கிறது.

என்னுடையது சில்லறை மாயம். பெரிய மாயத்தையும் இந்த நாடு பார்த்தது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் ரொக்கமாகவும் பாங்கிலும் இருப்பதாகக் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை. மாய சீதை. தொண்டர்கள் அழுததுபோல முதலீட்டாளர்கள் அழுதார்கள். ஆனால், அந்த மனசாட்சி எப்போது விழித்தது என்று தேதியைப் பாருங்கள். 2008 டிசம்பரில், குடும்பத்தோடு தொடர்புடைய ‘மேடாஸ்’ கம்பெனிகளை சத்யம் வாங்குவதாக ஓர் ஏற்பாடு. ஆங்கிலத்தில் சத்யத்தைத் திருப்பிப் போட்டால் மேடாஸ். கற்பனைச் சொத்துக்கு பதில் நிஜச் சொத்தை வைத்து ஓட்டையை அடைக்கும் கடைசி முயற்சி அது என்று கடிதமே சொல்கிறது. பங்குதாரர்கள் கூச்சல் போட்டு அதைக் கலைத்தார்கள். மூன்றே வாரத்தில் வாக்குமூலம். நிகும்பிலை கலைந்ததும் ஞானம் பிறந்தது.

2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஏழாண்டுத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அடுத்த மாதமே அது நிறுத்திவைக்கப்பட்டது. எனக்கு அந்தப் பட்டியலில் கண் போனது ராஜுவின் பெயரில் அல்ல. கம்பெனியில் வேலை பார்த்த நிதிப் பிரிவு ஊழியர்கள் சிலரும் அதில் இருந்தார்கள். கெட்டிக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்கள் தோளிலும் யாரோ தட்டியிருப்பார்கள்.

சரி, இவ்வளவு சொன்ன பிறகும் இந்திரஜித்தை ஏன் பிடித்துத் தொலைக்கிறது? மகளுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை இது. மைக்கேல் மதுசூதன் தத் என்று ஒரு வங்கக் கவிஞர். 1848-லிருந்து 1856 வரை இதே சென்னையில் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் வயிற்றைக் கழுவியவர். கல்கத்தா திரும்பி 1861-ல் ஒரு காவியம் எழுதினார். அதன் நாயகன் மேகநாதன். அதில் லட்சுமணன் தேவர்களின் துணையோடு மறைந்து உள்ளே போய், பூஜையில் ஆயுதமில்லாமல் இருப்பவனைக் கொல்கிறான். மாயாவியை மாயத்தாலேயே முடித்தார்கள் என்றால் யார் நல்லவர், யார் கெட்டவர்? படித்துவிட்டு வங்காளமே குழம்பியது.

எனக்குத் தோன்றுவது இதுதான். மாயம் இரண்டு பக்கமும் இருந்தது. வீரமும் இருந்தது. வித்தையில் பாவமில்லை. வித்தையை யாருக்குக் கடன் கொடுக்கிறோம், தப்பு என்று தெரிந்த பிறகும் எத்தனை நாள் கொடுக்கிறோம் என்பதில்தான் கணக்கு இடிக்கிறது. இந்திரஜித் தாமதமாகச் சொன்னான். ஆனால், தாமதத்துக்கான விலையைத் தன் உயிரால் கட்டினான். அவனுக்காக அழுகிறோமே, அது அந்த ரசீதுக்காக. உங்கள் ஆபீஸிலும் என் ஆபீஸிலும் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்கிற இந்திரஜித்கள் நிறைய இருக்கிறார்கள். விலையை மட்டும் வேறு யாராவது கட்டுகிறார்கள்.

இவ்வளவையும் மகளிடம் சொன்னேன். கேஷியர் கதை உட்பட. வீட்டில் அவள் அம்மாவுக்குக்கூட இதுவரை சொன்னதில்லை. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கெட்டவன் யார் என்று கேட்ட பிள்ளைக்கு, பக்கத்து வீட்டு உதாரணம் கொடுத்தால் நன்றாக இருக்காது என்று பட்டது.

எழும்பூர் தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தில் விரலை வைத்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ நல்லவனா, கெட்டவனா என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். அதற்கு ஒரு பதிலும் தயார் செய்து வைத்திருந்தேன்.

பார்க் ஸ்டேஷனில் கேட்டாள். “அந்த கேஷியர் தாத்தா அப்புறம் என்ன ஆனாருப்பா?”

தெரியவில்லை. அவர் வீடு பம்மலில் என்பது மட்டும் தெரியும். பல்லாவரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏறினால் கொஞ்ச தூரம்தான். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட நான் அந்தப் பக்கம் போய் விசாரித்ததில்லை.