வேரைத் தேடுவோர்

மூதாதையரைத் தேடிப் புறப்படும் மனிதன் எதைத் தேடுகிறான்? தன் குருதியின் வரலாற்றையா? தன் பெருமைக்கொரு சான்றையா? ஸ்காட்லாந்திலிருந்து கடல் கடந்தோரின் சந்ததியினரை எண்ணும்போதெல்லாம் இவ்வினா நம் உள்ளத்தில் எழுகிறது.

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்து வளர்ந்தோர் பலர், பாட்டனாரின் பாட்டனாரைத் தேடி எடின்பரோ நகரின் ஆவணக் காப்பகத்தை நாடுகின்றனர். 1855ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் பிறப்பும் மணமும் இறப்பும் கட்டாயமாகப் பதியப்பட்டு வருகின்றன. இறந்தவரின் பதிவிலே தந்தையின் பெயரும், மணத்திற்கு முன் தாய்க்கிருந்த குடும்பப் பெயரும் இடம்பெறும். எனவே ஒருவருடைய மரணப் பதிவு, முந்திய தலைமுறையின் வாசலைத் திறந்துவிடுகிறது. அதற்கும் அப்பால் செல்ல விழைவோருக்குத் தேவாலயங்களின் பழைய ஏடுகள் உண்டு. அவற்றுள் மிகப் பழையது 1553இல் தொடங்குகிறது.

அவ்வழியே செல்வோர் பலர் இறுதியில் காண்பது கண்ணீரையே. ஆட்டு மந்தைகளுக்கு இடம் வேண்டி, நிலக்கிழார்கள் வடபுலத்துக் குடியானவர்களை அகற்றினர். 1819இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகளுக்குத் தீயிடப்பட்டது. 1845இல் கிளென்கால்வி மக்கள், கிராயிக் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் தஞ்சம் புகுந்தனர். அவர்கள் சன்னல் கண்ணாடியில் கீறிய எழுத்துக்கள் இன்றும் அழியவில்லை. இத்தகையோரின் வழித்தோன்றல் ஒருவர் அவற்றின் முன் நின்று கலங்குவாராயின், அக்கலக்கம் நியாயமானதே.

ஆயினும் வேறோர் ஏடும் உண்டு. ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தோருள் ஸ்காட்லாந்தியரும் பலர். 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது, எசமானர்களுக்கு இழப்பீடாக 2 கோடி பவுன் ஒதுக்கப்பட்டது. விடுதலை பெற்றவர்களுக்கோ ஒரு காசும் இல்லை. இன்று ஜமைக்காவில் கேம்பெல் என்னும் குடும்பப் பெயர் மிகுதி. சிலருக்கு அது குருதியால் வந்தது. சிலருக்கு எசமானரின் பெயராக வந்தது. அவர்களும் தம் வேரைத் தேடுகின்றனர். ஆனால் அவர்களுடைய முன்னோர் அடிமைப் பட்டியலில் பெரும்பாலும் ஒற்றைப் பெயராகவே நிற்கின்றனர். தந்தை யார் என எழுதப் பெரும்பாலும் எவரும் அக்கறை கொண்டாரில்லை.

"பாட்டனார் செய்த கொடுமைக்கு நான் எவ்வாறு பொறுப்பாவேன்?" என்று ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்விதான். குற்றம் குருதியோடு இறங்குவதில்லை. ஆனால் அதே நாவால், பாட்டனாரின் வீரத்தையும் துயரத்தையும் தமக்குரிய மேன்மையாக அவர் பேசலாமா? இழிவு நமக்குரியதன்று எனில், பெருமையும் நமக்குரியதன்று. பெருமையை மட்டும் பங்கு கேட்பது, கடனை மறுத்துச் சொத்தை மட்டும் கேட்கும் வாரிசின் வழக்கை ஒக்கும்.

அவ்வாறாயின் முன்னோரைத் தேடுவதே வீண் என்பதா? அன்று. நாம் அவர்களிடமிருந்து பெறுவது பெருமையுமன்று, இழிவுமன்று. சாட்சியம் கூறும் பொறுப்பே அது. நிலமிழந்த பாட்டனாரை எழுதும் கை, பிறரை அடிமையாக வைத்திருந்த பாட்டனாரையும் அவ்வேட்டிலேயே எழுத வேண்டும். தம் குடும்பத்துப் பழங்கடிதங்களுக்கிடையே தோட்டத்துக் கணக்கேடு ஒன்று கிடைக்குமாயின், அதை மறைத்து வைக்கலாகாது. கடலுக்கப்பால் ஒருவர் தம் பாட்டியின் பெயரைத் தேடிக்கொண்டிருக்கலாம். அப்பெயர் அந்த ஏட்டில் இருக்கவும் கூடும்.