ஓடினவன் ஏன் படுத்துக்கொண்டான்?

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்கள்



எலியா பெரிய தீர்க்கதரிசி என்று நமக்குத் தெரியும். அவன் பெரிய ஓட்டக்காரன் என்பதைக் கவனித்தீர்களா? ஆகாபின் இரதத்துக்கு முன்னாலே யெஸ்ரயேல்மட்டும் ஓடினான். கர்மேலில் அக்கினி இறங்கிற்று, மழையும் வந்தது. எவ்வளவு பெரிய ஜெயம்! அடுத்த அதிகாரத்திலோ அதே மனுஷன் சூரைச்செடியின்கீழ் தனியாய் உட்கார்ந்து, செத்துப்போனால் போதும் என்கிறான்.

ஜெயித்தவனுக்கும் மனம் உடையும், பிரியமானவர்களே!

சிமோன் பைல்ஸ் என்ற அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை 2016 ரியோ ஒலிம்பிக்கில் 4 தங்கம் வாங்கினவர். 2021-ல் டோக்கியோவில், 24 வயதில், ஒரே ஒரு தாண்டுதலோடு குழுப் போட்டியிலிருந்து விலகினார். அந்தரத்தில் சுழலும்போது தான் எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. தப்பாய் விழுந்தால் கழுத்து முறியும். ஆனாலும் "பயந்துட்டா" என்று ஏசினவர்கள் உண்டு. அவர் மனநல ஆலோசனை பெற்றார், அதை மறைக்கவும் இல்லை. 2024 பாரிஸில் 3 தங்கமும் 1 வெள்ளியும் வாங்கினார்.

நம்ம சபைப் பிள்ளைங்களும் கபடி, ஓட்டம் என்று போகிறார்கள். சோர்ந்து வந்தால் நாம் என்ன சொல்றோம்? "உனக்கு ஜெபம் பத்தாது, விசுவாசம் இல்ல." தேவன் எலியாவை அப்படியா கடிந்துகொண்டார்? இல்லவே இல்லை! முதலில் தூங்கவிட்டார். தூதனை அனுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தார், அதுவும் இரண்டு தரம். அப்புறம் கேள்வி கேட்டு, மனதில் உள்ளதைப் பேசவிட்டார். கடைசியில் கூட நடக்க எலிசாவைக் காட்டினார்.

பெற்றோரே, பிள்ளை போட்டி முடிந்து வந்தவுடன் "என்ன பிளேஸ்?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியாப்பா?" என்று கேளுங்கள். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த விளையாட்டே வெறுத்துப்போயிற்று என்று இரண்டு வாரம் நீடித்தால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். கால் முறிந்தால் கட்டுப்போட ஓடுகிறோமே, அது அவிசுவாசமா? "செத்துடலாம்" என்று விளையாட்டுக்குச் சொன்னாலும் தனியே விடாதீர்கள். டெலி மனாஸ் என்ற அரசாங்க மனநலச் சேவை 2022 முதல் இருக்கிறது. 14416-க்கு எந்நேரமும் இலவசமாய்ப் பேசலாம்.

எழுப்புதல் வேண்டும் என்று ஜெபிக்கிறோம். தூதன் எலியாவைத் தட்டி எழுப்பினது எதற்கு? முதலாவது, சாப்பிடுவதற்கு! பிள்ளைகளுக்காக ஜெபியுங்கள், அவர்கள் பக்கத்தில் உட்காரவும் செய்யுங்கள்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.