அரிவாள் பெட்டியும் சூரிக்கத்தியும்

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் கத்தி இல்லாத பழக்கடை கிடையாது. மங்குஸ்தானின் தடித்த தோலைக் கீறிக் காட்டவும் அன்னாசியைச் சீவவும் பலாவைப் பிளக்கவும் வெவ்வேறு கத்திகள் பலகைமேல் திறந்தே கிடக்கும். பேரருவிக்குப் போகிறவர்கள் அவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதே நீளத்தில் ஒரு கத்தி, உடை மாற்றும் இளைஞன் ஒருவனின் இடுப்பிலிருந்து நழுவி விழுந்தால் அருவிக்கரையே கலைந்து ஓடும். பொது இடத்தில் சிறு கத்தி வைத்திருப்பது குற்றமா என்ற கேள்வியின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஒரே பொருள், ஓரிடத்தில் பிழைப்பு, இன்னோரிடத்தில் அச்சம்.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டது. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமென்று செய்யப்பட்ட பொருள்களை அது ஆயுதக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆயுத விதிகளின் முதல் அட்டவணை, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகளைத் தனி வகையில் வைக்கிறது. அதிலும் வீட்டு, வேளாண், அறிவியல், தொழிற் பயன்பாட்டுக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. துப்பாக்கிக்கு நாடெங்கும் உரிமம் வேண்டும். கத்திக்கு அப்படியில்லை, சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, ஒரு பகுதியைக் குறிப்பிட்டு அரசிதழில் அறிவிக்கை வந்தால்தான் அங்கே உரிமம் கட்டாயமாகும். டெல்லியில் 1980-இல் வந்த அறிவிக்கை, பொத்தானை அழுத்தினால் விரியும் கத்திகளை 7.62 செ.மீ. நீளத்திலேயே கட்டுக்குள் கொண்டுவந்தது.

அளவுகோலை மட்டும் வைத்துப் பார்த்தால், பிடியோடு அசையாமல் பொருத்திய சிறு கத்தி பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு வேறொன்றைப் பார்க்கச் சொல்கிறது. ஆயுதத்தைக் கொண்டுசெல்லும் விதமும் சூழ்நிலையும் நியாயமான சந்தேகத்தைத் தந்தால், பிடியாணை இல்லாமலே காவலர் கைதுசெய்யலாம். அங்குலத்தைவிட நோக்கமே முக்கியம் என்பது நல்ல கொள்கைதான். ஆனால் நோக்கம் கண்ணுக்குத் தெரிவதில்லை. காவலருக்குத் தெரிவது வயதும் உடையும் ஊரும்தான். நெல்லை, தென்காசிச் சீமையில் ஊர் தெரிந்தால் சாதியையும் ஊகித்துவிடலாம்.

கத்தி தரும் அச்சத்தையும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. குற்றாலம் இருக்கும் தென்காசி 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. அந்த நெல்லையில், 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். 2024 டிசம்பரில் பாளையங்கோட்டை நீதிமன்ற வாசலில் பட்டப்பகலில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஏப்ரலில், அதே ஊர்த் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பையில் கொண்டுவந்த அரிவாளால் சக மாணவனை வெட்டினான். தடுத்த ஆசிரியையும் காயப்பட்டார். பள்ளிப் பைக்குள் அரிவாள் வந்துவிட்ட மாவட்டத்தில், சட்டைக்குள் சூரிக்கத்தி இருப்பதை அவரவர் சொந்த விஷயம் என்று விட்டுவிட முடியாது.

கத்தி வைத்திருப்பவர் வழக்கமாகச் சொல்லும் காரணம் தற்காப்பு. தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் மறுக்கவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதைப் பற்றியவையே. ஆனால் அந்த உரிமை ஆபத்து நேரும் கணத்தில்தான் பிறக்கிறது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதை இடுப்பில் செருகிக்கொள்ள முடியாது. ஒருவன் பயந்து கத்தி எடுத்துக்கொண்டால், அதை அறிந்த எதிராளியும் எடுப்பான். கைகலப்போடு முடியவேண்டிய தகராறு பிறகு பிணவறைவரை போகும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சாதியின் பெயரால் மிரட்டப்படுகிறவனிடம் வெறுங்கையோடு போ என்று அறிவுரை சொல்வது எளிது. காவல் நிலையம் அவன் புகாரை வாங்காவிட்டால் அந்த அறிவுரைக்கு என்ன மதிப்பு? கத்தியைக் கீழே வைக்கச் சொல்லும் அரசு, அவனுக்குப் பாதுகாப்புத் தரும் பொறுப்பையும் அந்தக் கணமே ஏற்றுக்கொள்கிறது. பாதியை மட்டும் செய்தால் அது அநீதி.

பிரிட்டன் வேறு வழியில் போனது. அங்கே 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அலகு 3 அங்குலத்துக்கு மேற்படாத சாதாரண மடக்குக்கத்தியை வைத்திருக்கலாம். மடங்காத கத்தி எவ்வளவு சிறியதானாலும் தக்க காரணத்தை வைத்திருப்பவரே நிரூபிக்க வேண்டும். தொழிலும் சமயமும் தக்க காரணங்களே. விதி தெளிவு. ஆனாலும் அங்கே தெருவில் நிறுத்திச் சோதிக்கப்படுவோரில் கறுப்பினத்தவரின் விகிதம் அவர்களது மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகமாகவே இருந்துவருகிறது. விதி தெளிவாக இருப்பதால் மட்டும் சோதிப்பவரின் கண் நடுநிலையாகிவிடுவதில்லை.

தமிழ்நாட்டுக் காவல்துறை 2021 செப்டம்பரில் வேறொரு முனையைப் பிடித்தது. தென்மாவட்டங்களில் நடந்த பழிக்குப்பழிக் கொலைகளைத் தொடர்ந்து, டி.ஜி.பி. சைலேந்திர பாபு காலத்தில் மாநிலமெங்கும் தேடுதல் வேட்டை நடந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் பறிமுதலாயின. கூடவே அரிவாள் அடிக்கும் பட்டறைகளுக்கும் ஓர் அறிவுறுத்தல் போனது: வாங்குவோரின் பெயர், முகவரியைக் குறித்து வைக்க வேண்டும், கேமரா பொருத்த வேண்டும். கொலைக்கென்றே ஆர்டர் கொடுப்பவனை இது தடுக்கக்கூடும். ஆனால் அரிவாள் இல்லாத விவசாய வீடு இங்கே ஏது? உலையடியில் வேகும் கொல்லர்மேல் ஊரின் குற்றத்துக்கான காவலையும் ஏற்றுவது, சுமையைத் தாங்க முடியாதவரிடம் தள்ளிவிடுவதாகும்.

கருவியோடு நடமாடும் ஒழுங்கைப் பனையேறிகளிடம் பார்க்கலாம். பாளை சீவும் அரிவாள் சவரக்கத்தி போலக் கூர்மையானது. அது இடுப்பில் கட்டிய அரிவாள் பெட்டிக்குள் இருக்கும். மரத்தில் ஏறியபின்தான் வெளியே வரும். பெட்டியைப் பார்த்ததுமே தொழில் தெரிந்துவிடுகிறது. சட்டைக்குள் செருகிய சூரிக்கத்தியும் மறைவாகத்தான் இருக்கிறது. ஒன்று பிறர்மேல் படாதபடி மூடியது, மற்றது பிறருக்குத் தெரியாதபடி ஒளித்தது. தன் மனத்தைப் பிறர் படிக்க முடியாது என்று அறிந்தவர், கருவியை உறையிலிட்டு, கட்டி, வேலையிடத்துக்கு மட்டும் கொண்டுபோவது அவர் மற்றவர்களுக்குக் காட்டும் மரியாதை.

அரசின் கடமைக்கு முன்மாதிரி குற்றாலத்திலேயே இருக்கிறது. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிக்கத் தடை உண்டு. சோப்பு வைத்திருப்பவரை யாரும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. அந்த இடத்தில் அது கூடாது, அவ்வளவுதான். கத்திக்கும் இப்படி இடத்தை வைத்து விதி செய்யலாம். அருவிக்கரை, பள்ளி, நீதிமன்றம், திருவிழாக் கூட்டம் ஆகிய இடங்களில் எந்தக் கத்தியும் கூடாது என்று தமிழில் பலகை வைத்து, வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தால் போதும். பழக்கடைக் கத்தி தன் பலகையிலேயே இருக்கும். பனையேறியும் தன் வழியில் போவார்.

அப்போதும் சோதனை எப்படி நடக்கிறது என்ற கேள்வி மிஞ்சும். காரில் வரும் குடும்பத்தை விட்டுவிட்டு, பைக்கில் வரும் இளைஞர்களை மட்டும் நிறுத்தினால் புது விதியும் பழைய சந்தேகத்துக்கே வேலை செய்யும். ஆகவே வாசலில் எல்லோரையும் சோதிக்க வேண்டும்; தனியாக ஒருவரை நிறுத்தினால் அதற்கான காரணத்தை எழுத்தில் கொடுத்து, அவர் மேல்முறையிட வழியும் இருக்க வேண்டும்.