அரைப்பேர் வாக்கு

படித்தவருக்கு இரண்டு வாக்கு, அதிக வரி கட்டுபவருக்கு மூன்று வாக்கு என்று வைத்தால் ஆட்சி சீர்படும் என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் கிளம்புகிறது. அதன் பின்னே உள்ள கவலையைத் தள்ளிவிட முடியாது. ஒருவர் யோசிக்காமல் போடும் வாக்கின் விளைவை எல்லோரும்தான் சுமக்கிறார்கள். 1861இல் ஜோன் ஸ்டுவர்ட் மில்லும் கற்றவருக்குக் கூடுதல் வாக்குக் கேட்டார்.

இலங்கை இதைப் பட்டுத் தெரிந்துகொண்ட நாடு. 1911இல் சட்டசபையில் படித்த இலங்கையருக்கென ஒதுக்கப்பட்ட ஆசனத்துக்குத் தேர்தல் நடந்தது. பொன்னம்பலம் இராமநாதன் வென்றார். பின்னாளில் டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது எதிர்த்தவர்களில் அந்தப் பேரறிஞரும் ஒருவர். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தமிழரின் வாக்கைப் பறித்தன. அவற்றை எழுதியவர்கள் கைநாட்டுக்காரர்கள் அல்லர், சட்டம் கற்றவர்கள். கல்வி வந்தால் நியாயம் தானாக வரும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வரிக் கணக்கும் நிற்காது. அந்நாளில் ஏற்றுமதி வருவாயின் பெரும்பகுதியைத் தேயிலையும் இறப்பரும் தெங்கும் தந்தன. பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் கொழுந்து பறித்தவரும், எட்டியாந்தோட்டைப் பக்கம் விடியற்காலையில் பால்வெட்டப் போனவரும் ஏற்றுமதித் தீர்வைக்கு உழைத்தார்கள். ரசீதில் இருந்தது கம்பனியின் பெயர். இன்றும் லயத்தருகே கடையில் சவர்க்காரம் வாங்குகிற பெண்ணிடமிருந்து 18 வீத வற் வரி போகிறது.

ஆனால் மலையகத்தில் நாம் அடிக்கடி சொல்லும் வாதத்திலும் ஒரு கோளாறு இருக்கிறது. "நாட்டுக்கு உழைத்துக் கொடுத்தோம், ஆகவே வாக்குக் கொடு" என்று கேட்கும்போது எதிராளியின் தராசிலேயே ஏறி நின்றுவிடுகிறோம். கொழுந்து நிறை குறைந்தால் செக்ரோல் எனும் வேலைப் பதிவேட்டில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவது தோட்டத்து வழக்கம். அந்தத் தராசு வாக்குச்சாவடிக்கும் வந்தால், முதுகு கூனி மலைக்குப் போகாமல் நின்றுவிட்ட கிழவிக்கு எத்தனை வாக்கு? வேலை கிடைக்காத பேரனுக்கு?

வாக்கு கூலி அல்ல. சட்டம் யார் தலையில் விழுகிறதோ, அவருக்கு அந்தச் சட்டத்தைப் பற்றிக் கேட்க இருக்கும் உரிமை அது. 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்தது. சரிவுக்குக் கீழே எந்த லயத்தில் யார் தூங்குவது என்று முடிவெடுக்கையில், தூங்குகிறவரின் குரலைப் பரீட்சை வைத்துக் குறைக்க எவருக்கு உரிமை?

வாக்கில்லாத தலைக்கு என்ன நேரும் என்பதும் நாம் கண்டதுதான். உரிமை பறிபோன பிறகும், தொகுதி வகுக்கும் சனத்தொகைக் கணக்கில் தோட்டத்து மக்கள் எண்ணப்பட்டார்கள். அவர்களை எண்ணியதால் ஆசனம் கூடியது. அதில் அமர்ந்தவர் பள்ளிக்கூடமோ தண்ணீரோ கேட்டு லயத்திலிருந்து வருகிறவருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை; அவரைத் தோற்கடிக்க அவர்களிடம் ஒன்றுமே இருக்கவில்லை.